ஓடும் படகின் பின்னே ஒரு தூண்டில்

சீலா மீனின் வாயை ஒருமுறை திறந்து பார்த்தவருக்குத் தூண்டில் கட்டும் வித்தையில் பாதி அப்போதே பிடிபட்டுவிடும். மேலும் கீழும் ஒற்றை வரிசையில் தட்டையான முக்கோணப் பற்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கத்திக் கூர்மை. இரையைக் கவ்விப் பிடிக்கும் பற்கள் அல்ல, வெட்டும் பற்கள். சாளைக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஒரு மீனின் வால்பக்கத்தை ஒரே கடியில் துண்டித்துவிட்டு, நீந்த முடியாமல் தவிக்கும் மிச்சத்தை விழுங்கத் திரும்பி வருவது இதன் பழக்கம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நைலான் நரம்பும் அந்த வாயின் முன்னால் நிற்காது.

சென்னைச் சந்தையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா, குமரிக் கரையில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறுக்குளா. பெயர் எதுவானாலும் கரையோரக் கடலில் படகை ஓட்டிக்கொண்டே தூண்டில் இழுப்பவர்கள் முதலில் தேடுவது இந்த மீனைத்தான். ஆறடிக்கு மேலும் வளரக்கூடிய இதற்குச் சந்தையில் விலை அதிகம். முள்ளில் மாட்டியதும் அது ஓடும் முதல் ஓட்டத்தில் சுருளிலிருந்து நரம்பு கண்மூடித் திறப்பதற்குள் பறந்து போகும்.

ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்று சொல்லப்படும் இந்த முறையில், நகரும் படகின் பின்னால் இரையையோ இரைபோன்ற பொய்ப்பொருளையோ இழுத்துச் செல்கிறார்கள். விசைப்படகுகள் அடிக்கடலை வாரும் இழுவை மடிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மடி வழியில் இருப்பதையெல்லாம் அள்ளும், குஞ்சு என்றும் தாய் என்றும் பார்க்காது. தூண்டிலில் ஒரு நேரத்தில் ஒரு மீன்தான் வரும். அதுவும் கடித்தால்தான் வரும். வேண்டாத மீனைத் திருப்பி விடலாம், அடித்தளத்துக்குச் சேதம் கிடையாது. கடலில் மீன் குறைந்து வரும் காலத்தில் இந்த முறை கூடுதல் மரியாதைக்கு உரியது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவைப் போல இதற்குப் பொருந்தி வரும் கடல் அரிது. கரையிலிருந்து வெகுதூரம் போகாமலே கல்லும் பவளமும் மண்டிய பார்கள் அடியில் கிடக்கின்றன. பாரைச் சுற்றிச் சாளையும் காரலும் முரலும் திரளும், அவற்றைத் தேடிச் சீலாவும் சூரையும் ஊளியும் பாறையும் வரும். வள்ளத்தில் போகும் மீனவர்கள் தலைமுறைகளாகக் கையாலேயே நரம்பைப் பிடித்து இந்தப் பார்களைச் சுற்றி வந்திருக்கிறார்கள். இன்று சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி போன்ற ஊர்களில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் பலர் கடையிலிருந்து தொடங்குகிறார்கள். பளபளக்கும் பொய்மீன்களில் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கி, அதற்கேற்ற நரம்பை வாங்கி, கடைசியில் மீனைத் தேடிப் போகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எந்த மீன், அதன் வாய் எப்படி, அது எந்த ஆழத்தில் நிற்கிறது, எந்த வேகத்தில் ஓடும் இரையைத் துரத்துகிறது என்பதெல்லாம் முதலில் தெரிய வேண்டும். தூண்டில் அமைப்பு அந்த விடைகளிலிருந்து தானாக உருவாகும்.

சூரையை எடுத்துக்கொள்ளலாம். சீலாவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வெட்டும் பற்கள் இல்லை. அதன் கண்பார்வை கூர்மையானது, வேகமும் அதிகம். எனவே சீலாவுக்கு முள்ளோடு சேர்த்துக் கட்டும் கம்பி சூரைக்கு வேண்டியதில்லை, கட்டினால் இழப்புதான். தெளிந்த நீரில் கம்பியின் மினுக்கலைக் கண்டு விலகிப்போகும். 40 முதல் 60 பவுண்டு தாங்கும் நிறமற்ற நரம்பை முள்ளுக்கு முந்திய முன்னிழையாக இரண்டு பாகம் (பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) கட்டினால் போதும். பொய்யிரையும் சிறிதாக இருக்க வேண்டும். சூரை பெரும்பாலும் விரல் நீளக் குஞ்சுமீன்களைத் தின்பதால், ஒரு சாண் நீளப் பொய்மீனை அதன் நடுவே இழுத்தாலும் அது திரும்பிப் பார்க்காது. கையால் கட்டிய சிறிய இறகுத் தூண்டிலைப் போட்டால் உடனே பாயும்.

ஊளிக்குச் சீலாவைப்போலவே கம்பி வேண்டும். அதன் கோரைப்பற்கள் நீண்டு ஒழுங்கில்லாமல் நிற்கும். பாறை மீனின் பற்கள் சிறியவை, ஆனால் கடித்த நொடியே கல்லிடுக்கை நோக்கிப் பாயும். அங்கே நரம்பை அறுப்பது மீன் அல்ல, பாரின் விளிம்பு. ஆகவே பாறைக்கு 80 பவுண்டு தடித்த நரம்பு முன்னிழை பொருந்தும். கடல் விராலுக்கும் அதுவே சரி. கட்டாவுக்கு இவ்வளவு கனம் தேவையில்லை.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பெரிய சீலாவைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இங்கேதான். கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, பல இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசிய கம்பி. கையாள எளிது, முடிச்சுப் போடலாம். ஆனால் சீலா ஒன்றிரண்டு முறை கடித்தாலே பூச்சு கிழிந்து இழைகள் பிரிந்துவிடும். மற்றது ஒற்றைக் கம்பி. மெல்லியது, விறைப்பானது, நீரில் குறைவாகத் தெரியும். எண் 7 கம்பி 69 பவுண்டு இழுவையைத் தாங்கும், அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சீலாவுக்கு ஒற்றைக் கம்பிதான் சிறந்தது. கரும்பழுப்பு நிறத்தில் கிடைப்பதை வாங்குவது நல்லது. நீளம் ஒரு முழம் போதும். இரண்டு மூன்று முழம் கட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் கூடுதல் கம்பி பொய்மீனின் ஆட்டத்தைக் கட்டிப்போடும்.

ஒற்றைக் கம்பியில் சாதாரண முடிச்சு நிற்காது. வளைத்த இடத்தில் ஒடிந்துவிடும். அதற்கென்று ஒரு முறுக்கு இருக்கிறது. முள்ளின் காதில் கம்பியைக் கோத்து, முனையை நான்கு விரல்கடை வெளியே விட்டு, இரண்டு கம்பிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அகலமாகக் குறுக்கே வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு வளையும்படி நான்கைந்து சுற்று முறுக்க வேண்டும். நீளக் கம்பி நேராக நிற்க, முனைக் கம்பி மட்டும் அதைச் சுற்றிக்கொண்டால் அது தவறான முறுக்கு. சீலா இழுக்கும்போது சறுக்கிக்கொண்டு அவிழும். சரியான முறுக்கில் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தழுவி நிற்கும். அதன்பின் முனையைச் செங்குத்தாக மடித்து, நெருக்கமாக ஐந்தாறு சுற்று சுற்றினால் பூட்டு விழும். மிஞ்சிய முனையைக் கத்தரிக்கக் கூடாது. கத்தரித்தால் ஊசிபோல ஒரு பிசிறு நிற்கும், மீனைத் தூக்கும்போது அது உள்ளங்கையைக் கிழிக்கும். முனையைக் கைப்பிடிபோல மடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றுக்கு ஒட்டிய இடத்தில் சுத்தமாக ஒடிந்து விழும். விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து பத்துத் துண்டு கட்டிப் பழகியபின் கடலுக்குப் போகலாம். ஆடும் படகில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

கம்பியின் மறுமுனையில் சுவிவல் வரும். பொய்மீன் சுழன்றாலும் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் காப்பது அதன் வேலை. தகட்டுக் கரண்டி வகைகளுக்கு இது கட்டாயம், அதிலும் குண்டு பதித்த சுவிவல்தான் உண்மையில் சுழலும். நிறத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளியாக மின்னும் பெரிய சுவிவல் நீரில் குமிழிகளைக் கிளப்பிக்கொண்டு ஓடும்போது, சீலா அதையே சின்ன மீனென்று எண்ணி வெட்டிவிடும். கடித்தது எங்கே என்று பார்த்தால், கம்பியும் பொய்மீனும் போயிருக்கும், நரம்பு சுவிவலுக்கு மேலே சுத்தமாக அறுந்திருக்கும். சிறியதாக, கறுப்பாக வாங்கினால் இந்தச் சங்கடம் குறையும்.

முதன்மை நரம்பு நைலானா, பின்னிய நூலா என்பது அடுத்த கேள்வி. நைலான் நரம்பு இழுத்தால் நன்றாக நீளும். ஓடும் படகும் பாய்ந்து வரும் மீனும் எதிரெதிரே இழுக்கும் முதல் நொடியில் அந்த நீட்சி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பின்னிய நூல் கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஆனால் அதே வலுவுக்கு அது மிக மெல்லியது, நீரின் எதிர்ப்பும் குறைவு, பொய்மீன் இன்னும் ஆழமாக இறங்கும். அதன் விறைப்பால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியேறும் ஆபத்து உண்டு. முதல்முறை வாங்குகிறவருக்கு 30 முதல் 40 பவுண்டு நைலான் நரம்பே ஏற்றது. மன்னிக்கும் குணமுள்ள நரம்பு அது. யாழ்ப்பாணத்தில் தங்கூசி என்று கேட்டு வாங்குவார்கள்.

இனி பொய்மீனுக்கு வரலாம். அதன் கதை பின்லாந்தில் ஓர் ஏழை மீனவரிடமிருந்து தொடங்குகிறது. லௌரி ராப்பலா பைய்யன்னே ஏரியில் துடுப்புப் படகை வலித்துக்கொண்டே தூண்டில் இழுத்துப் பிழைத்தவர். பெரிய மீன்கள் சிறுமீன் கூட்டத்துக்குள் பாயும்போது, நலமாக நீந்துபவற்றை விட்டுவிட்டுக் காயம்பட்டுத் தள்ளாடும் ஒன்றையே தேர்ந்தெடுப்பதை அவர் கவனித்தார். 1936-ல் தக்கையைச் செருப்புத் தைப்பவர் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த தகடை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசி, அந்தத் தள்ளாட்டத்தை ஒரு தக்கைத் துண்டுக்குள் கொண்டுவந்தார். 1962-ல் அமெரிக்காவின் லைஃப் இதழ் அதைப் பற்றி எழுதியது. நடிகை மர்லின் மன்றோவின் மறைவையொட்டி வந்த அந்த இதழ் ஏராளமாக விற்க, ராப்பலாவுக்கு ஆர்டர்கள் குவிந்தன. இன்று தூத்துக்குடிக் கடலில் இழுபடும் பொய்மீன்களில் பல அந்தப் பரம்பரையில் வந்தவை.

அவற்றின் மோவாயில் ஒட்டியிருக்கும் தெளிந்த பிளாஸ்டிக் நாக்குதான் முக்கியம். ஏரின் கொழு மண்ணைக் கீறி இறங்குவதுபோல அது நீரைக் கீறிப் பொய்மீனைக் கீழே இழுத்துச் செல்கிறது. நாக்கு நீளமாகவும் கிடையாகவும் இருந்தால் ஆழம் அதிகம், குட்டையாகச் சரிந்திருந்தால் குறைவு. ராப்பலாவின் எக்ஸ்-ராப் மேக்னம் வரிசையில் பெயரோடு வரும் 10, 15, 20, 30 என்ற எண்கள் அது எத்தனை அடி இறங்கும் என்பதைச் சொல்கின்றன. பெட்டியின் மேலிருக்கும் இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது, நிறத்தைப் பார்த்து வாங்குவதைவிடப் பலமடங்கு பயன்தரும். மூன்று பாகம் ஆழமுள்ள பார் மேல் 30 அடி இறங்கும் பொய்மீனை இழுத்தால் கல்லில் சிக்கி நரம்போடு போய்விடும். அங்கே 10 அடிக்காரன் போதும். பத்துப் பாகம் ஆழத்தில் நேர் எதிர்.

வாங்கியதை அப்படியே நீரில் விட்டுவிடக் கூடாது. படகின் பக்கவாட்டில் ஒரு பாகம் நரம்பை விட்டு, ஓடும் வேகத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். பொய்மீன் நேராக, இடைவிடாமல் துடித்தபடி வந்தால் சரி. ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினாலோ, மல்லாந்து மேலே வந்தாலோ மூக்கு வளையத்தைக் குறட்டால் மிகச் சிறிதளவு எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும். இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். ஒரு மீன் கடித்து வந்தபின் இதை மறுபடியும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் பெரிய மீன் அந்த வளையத்தை எளிதாகக் கோணலாக்கிவிடும். அரை மணி நேரம் யாரும் கடிக்காமல் இழுபடும் பொய்மீனில் ஒரு துண்டுப் பாசியோ பிளாஸ்டிக் கிழிசலோ மாட்டியிருக்கவும் கூடும். அடிக்கடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

விலையுயர்ந்த பொய்மீன் இல்லாமலும் கடலுக்குப் போகலாம். கோழியிறகு, பளபளக்கும் ஜிகினா இழை, பிரித்தெடுத்த நைலான் கயிற்றின் இழை ஆகியவற்றை முள்ளைச் சுற்றிக் கட்டிச் சிறுபடகு மீனவர்கள் பல கரைகளில் சூரையை வாரிக்கொண்டு வருகிறார்கள். இறந்த மீனையே இரையாகக் கட்டுவதும் பழைய, நம்பகமான வழி. முரல் இதற்குப் பொருத்தமானது. ஒல்லியான உடல், நேராக இழுபடும். அதன் நீண்ட அலகை ஒடித்துவிட்டு, செவுள் வழியாக முள்ளை நுழைத்து வயிற்றுப்பக்கம் வெளியே கொண்டுவந்து, தலையோடு கம்பியைச் சேர்த்து மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்ட வேண்டும். முள் வெளிவரும் துளையைச் சற்று நீளமாகக் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் சதை இழுபட்டு உடல் வளைந்து, நீரில் பம்பரமாகச் சுழலும். சுழலும் இரையைச் சீலா சீண்டாது. அது முதலில் வால்பக்கத்தை வெட்டும் மீன் என்பதால், முதல் முள்ளிலிருந்து ஒரு துண்டுக் கம்பியில் இரண்டாவது முள்ளை வாலருகே ஒட்டி நிறுத்துவது வழக்கம். இது இல்லாதபோது, பாதி முரல் மட்டும் திரும்பி வரும்.

தென்னாப்பிரிக்காவின் நட்டால் கரையில் சீலாவுக்குச் சாவாளை மீனைத்தான் பெரிதும் இரையாகக் கட்டுகிறார்கள். அந்தக் கரையில் ஸ்காட்பர்க் அருகே 1982-ல் பிடிபட்ட 44.91 கிலோ சீலா, சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தது. சாவாளை நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் மீன். அதை இரையாக்கிப் பார்க்க இங்கே இன்னும் அதிகம் பேர் முன்வரலாம்.

வேகத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இறந்த மீனை இழுக்க 3 முதல் 5 நாட் வேகம் போதும். உயிருள்ள இரை என்றால் இன்னும் மெதுவாக, 2 நாட் அளவில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரை மூச்சடைத்துச் செத்துவிடும். நாக்கு வைத்த பொய்மீனுக்கும் இறகுத் தூண்டிலுக்கும் 5 முதல் 7 நாட் வரை தாராளமாகப் போகலாம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஒரே படகில் ஒரு பக்கம் முரலும் மறுபக்கம் பொய்மீனும் இழுக்கிறவர்கள் இரண்டில் ஒன்றை வீணாக்குகிறார்கள். ஒன்றுக்குச் சரியான வேகம் மற்றதற்குப் பொருந்தாது.

வேகம் கூடினால் ஆழம் குறையும், அதுவும் நினைப்பதைவிட மிக வேகமாக. நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 3 நாட்டிலிருந்து 6 நாட்டுக்குப் போனால் நரம்பின் மேல் விழும் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. கால்கிலோ ஈயத்தைக் கட்டிவிட்டால் இரை அடிக்குப் போய்விடும் என்று நம்புகிறவர்கள், அது மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது என்று தெரிந்தால் திகைப்பார்கள். ஈயம் மெதுவாக ஓடும்போதுதான் வேலை செய்யும். அதைவிட வேகத்துக்கு, சரிவாக நின்று நீரால் கீழே தள்ளப்படும் தட்டுகள் உண்டு. மீன் கடித்ததும் தட்டு சாய்ந்துகொள்ளும், பிறகு மீனை மட்டும் இழுத்தால் போதும். பெரிய படகுகளில், தனி எஃகுக் கம்பியில் நாலைந்து கிலோ ஈய உருண்டையைத் தொங்கவிட்டு, அதில் ஒரு கிளிப்பால் தூண்டில் நரம்பைக் கோத்து வைக்கும் கருவியும் இருக்கிறது. கடித்த நொடியில் கிளிப் விடுபடும். ஆழத்தை அடிக்கணக்காக வைத்துக்கொள்ள அதற்கு ஈடில்லை. ஆனால் நம் ஃபைபர் படகில் அதற்கு இடமும் செலவும் ஒத்துவராது. நாக்கு நீண்ட பொய்மீன் பெரும்பாலும் போதும்.

எத்தனை தூண்டில் விடுவது? இரண்டு. புதியவர்கள் நான்கு, ஐந்து என்று விட்டு முதல் திருப்பத்திலேயே எல்லாவற்றையும் பின்னிக்கொள்கிறார்கள். ஒன்றைப் படகுக்குப் பின்னால் 20 மீட்டரிலும் மற்றதை 45 மீட்டரிலும் ஓடவிட்டு, அருகில் ஓடுவதை ஆழமாகவும் தொலைவில் ஓடுவதை மேலாகவும் வைத்தால் ஒன்றை ஒன்று தொடாது. பின்னால் இயந்திரம் கிளப்பும் நுரை சூரையைத் துரத்தாது, சில வேளை இழுக்கவே செய்யும். கலங்கிய நீரில் அருகே ஓடும் தூண்டில்தான் அதிகம் கடிபடும். தெளிந்த நீரில், காலை வெயில் ஏறியபின், தொலைவில் ஓடுவது வெல்லும்.

படகை நேர்க்கோட்டில் ஓட்டிக்கொண்டே இருப்பது வீண். வளைந்து ஓட்ட வேண்டும். திருப்பத்தின் உட்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலெழும். திருப்பத்தில் உட்பக்கம் கடித்தால், அன்று மீன் மெதுவான, ஆழமான இரையைக் கேட்கிறது. வெளிப்பக்கம் கடித்தால் வேகத்தைக் கூட்டலாம். எந்தக் கருவியும் இல்லாமல் கடலே சொல்லித்தரும் செய்தி இது. இதைக் கவனித்து விசையைக் கொஞ்சம் ஏற்றவும் இறக்கவும் செய்கிறவர், அடுத்தவர் வெறுங்கையோடு திரும்பும் நாளிலும் மீன்பாடு காண்பார்.

எங்கே ஓட்டுவது என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. ஆலாக்கள் கூட்டமாக வட்டமிட்டுச் செங்குத்தாக நீரில் விழுந்தால் கீழே சிறுமீன் மாப்பு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பொருள். மாப்பின் நடுவே படகை விட்டால் கூட்டம் அடியில் மூழ்கி மறைந்துவிடும். ஓரமாகச் சுற்றி, தூண்டில்கள் மட்டும் விளிம்பைத் தொட்டுச் செல்லும்படி ஓட்டுவதே முறை. ஆலா இல்லாத நாளில் பாரின் ஓரம், கலங்கிய நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோடு, நீரோட்டம் பாரில் மோதித் திரும்பும் பக்கம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். விடியலையும் மாலையையும் விடக் கூடாது. மேலே மிதவை தெரிந்தால் அங்கே யாருடைய வலையோ கிடக்கிறது. அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒருவரின் பொழுதுபோக்குக்காக இன்னொருவரின் அன்றாடப் பிழைப்பு கிழியக் கூடாது.

மீன் கடித்துவிட்டது என்றால், சுருளின் தடை சரியாக இருந்தால்தான் கைக்கு வரும். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தடையை வைப்பது பொது விதி. 30 பவுண்டு நரம்புக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ. கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்காமல், காய்கறிக்கடையில் பயன்படும் தொங்கு தராசை நரம்பில் மாட்டி இழுத்து அளப்பது நல்லது. சீலாவின் வாயோரச் சதை மென்மையானது. அதற்குத் தடையை இன்னும் குறைத்து நாலில் ஒரு பங்காக வைத்தால் முள் கிழித்துக்கொண்டு வராது. முதல் ஓட்டத்தை ஓடவிட வேண்டும். படகை உடனே நிறுத்தினால் நரம்பு தொய்ந்து முள் விழுந்துவிடும், மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சுருளும் கம்பும் இல்லாமல் கையால் இழுக்கும் வள்ளத்தில் தடைக்குப் பதிலாகச் சைக்கிள் டியூபின் ஒரு துண்டு போதும். நரம்பின் நடுவே ஒரு வளையம் விட்டு, டியூபை இரு பக்கமும் கட்டிவிட்டால் கடியின் அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். டியூப் நீண்டு நிற்பதைப் பார்த்தே மீன் மாட்டியிருப்பதும் தெரிந்துவிடும். கையுறை இல்லாமல் நரம்பையும், எந்த நிலையிலும் கம்பியையும், கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. பெரிய மீன் திரும்பிப் பாய்ந்தால் விரல் போகும்.

பிடித்தபின் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் செவுளைக் கீறி இரத்தத்தை வடித்துப் பனிக்கட்டிக்குள் வைக்க வேண்டும். சீலாவும் சூரையும் சேர்ந்த குடும்பத்து மீன்களின் சதை வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உருவாக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தடித்து, தலைவலி வருவதை மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். பல நேரம் காரணம் படகில் பனிக்கட்டி இல்லாததுதான்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய நீர்ப்பரப்பும் அடங்கும். அந்த எல்லைக்குள் தூண்டில் போடக் கூடாது. பார் நன்றாக இருக்கிறதே என்று தீவை ஒட்டிச் சுற்றுகிறவர்கள் வழக்கில் சிக்குகிறார்கள், அதைவிட முக்கியமாக மீன் குஞ்சு பொரிக்கும் இடத்தைக் கலைக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருக்கிறது. வாடகைக்குப் படகு எடுப்பவர் அது எந்த வகையில் பதிவானது என்பதை உள்ளூர் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். கச்சான் காற்று வேகமெடுக்கும் மாதங்களில் சிறு படகில் வெளியே போவதே ஆபத்து. உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் எந்த மாதத்திலும் போகக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடைப் பொய்மீன்களில் வரும் மூன்றுகிளை முள்ளைக் கழற்றிவிட்டு, அதே வளையத்தில் ஒற்றை முள்ளைப் போடுங்கள். பிடிக்கும் வலு குறையாது, மீனை விடுவிப்பது பலமடங்கு எளிதாகும், உங்கள் கைக்கும் பாதுகாப்பு. சீலா ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்போதுதான் முதன்முறை முட்டையிடத் தயாராகிறது. படகின் விளிம்பில் அந்த அளவுக்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைவாக வருவதைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டுவிடுங்கள்.